செல்லுக்குள் ஒரு படல்

விமென்டின் என்ற பெயருக்கு 1978இல்தான் பிறப்பு. நம் உடலின் பலவகை செல்களுக்குள் வலைபோலப் பரந்திருக்கும் ஓர் இழைப் புரதத்துக்குப் பெயர் தேடிய வெர்னர் ஃபிராங்க என்ற ஜெர்மானிய செல் உயிரியலாளரும் அவரோடு சேர்ந்து எழுதிய மூவரும் இலத்தீனுக்குப் போனார்கள். விமென்டும் என்றால் வளையும் குச்சிகளால் ஆன பின்னல். ஒழுங்காக முடைந்த தட்டியையும் அந்தச் சொல் குறிக்கும், ஒழுங்கில்லாமல் கிடக்கும் சுள்ளிப் புதரையும் குறிக்கும். தமிழில் இதற்குப் பக்கத்தில் வரக்கூடிய சொல் நம்மிடம் இருக்கிறது: படல். ஆட்டுப்பட்டிக்கும் கூரைவீட்டு வாசலுக்கும் விளாரை வளைத்துக் கட்டுவார்களே, அது. விளாருக்கும் விமென்டுக்கும் ஓசை ஒத்துவருகிறதே என்று சொன்னால் என் துறை நண்பர்கள் சிலர் அடுத்த மாநாட்டுக்கே கட்டுரை தயார் செய்துவிடுவார்கள். எனக்கு அந்த ஆசை இல்லை. வெறும் தற்செயல்.

அந்த மூவரில் ஒருவர் மேரி ஆஸ்பர்ன். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அவரைப் பற்றியது. அவர் உருவாக்கிய, ஆனால் அவர் பெயர் ஒட்டாத ஒரு பொருளைப் பற்றியது. அந்தப் பொருளின் பெயர் வி9. விமென்டினை மட்டும் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும் ஓர் எதிர்ப்பொருள். உலகம் முழுக்க ஆய்வகங்களின் குளிர்பெட்டிகளில் சுண்டுவிரல் அளவுக் குப்பியில் இருக்கிறது.

தமிழ் படித்தவளுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். எங்கள் கல்லூரி நூலக உதவியாளர் அக்கா ஒருநாள் தன் தங்கையின் பயாப்ஸி அறிக்கையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். எதையும் படித்துச் சொல்லும் ஆள் என்று தமிழாசிரியைக்கு இன்னும் ஒரு பெயர் இருக்கிறது. அறிக்கையில் ஒரு பட்டியல்: சைட்டோகெராட்டின் நெகட்டிவ், டெஸ்மின் நெகட்டிவ், விமென்டின் பாசிட்டிவ். “பாசிட்டிவ்னா நல்லதா கெட்டதா மேடம்?” என்று கேட்டார். விலங்கியல் துறைத் தோழியிடம் இருவருமாகப் போனோம். அவர் அறிக்கையைப் பார்த்துவிட்டு, “ரெண்டும் இல்லக்கா. அந்தப் பொருள் அங்க இருக்குன்னு மட்டும்தான் அர்த்தம். எங்கிருந்து வந்த கட்டின்னு கண்டுபிடிக்கத்தான் இதெல்லாம் பாப்பாங்க” என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, இதைக் கண்டுபிடித்துக் கொடுத்ததில் ஒரு பெண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு, தெரியுமா என்றார். அங்கிருந்து தொடங்கிய வாசிப்பு இது.

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். தமிழ்நாட்டுப் பாடநூலில் எதிர்ப்பொருள்; இலங்கைப் பாடநூலில் பிறபொருளெதிரி. இரண்டிலும் எதிர் இருக்கிறது, எதிரி இருக்கிறது. நோயெதிர்ப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் கையில் எப்போதும் வாளும் கேடயமும்தான். படையெடுப்பு, பாதுகாப்பு அரண், எல்லைக் காவல். இந்தப் போர்மொழியை அமெரிக்க மானிடவியலாளர் எமிலி மார்ட்டின் 1990களிலேயே விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஆய்வகக் குப்பியில் இருக்கும் எதிர்ப்பொருள் யாரோடும் சண்டை போடுவதில்லை. அது செய்யும் ஒரே வேலை தொட்டு அடையாளம் காண்பது. ஆயிரக்கணக்கான புரதங்கள் நெருக்கியடிக்கும் செல்லுக்குள் விட்டால், தனக்குரிய ஒன்றைத் தேடிப் பிடித்து அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் உட்கார்ந்திருப்பது நம் கண்ணுக்குத் தெரியாது. அதனால் இரண்டாவதாக இன்னோர் எதிர்ப்பொருளை விடுவார்கள். இது முதல் எதிர்ப்பொருளைப் பிடித்துக்கொள்ளும். இதன் முதுகில் ஒளிரும் சாயம் கட்டியிருக்கும். இருட்டறையில் உரிய ஒளியைப் பாய்ச்சி நுண்ணோக்கியில் பார்த்தால் கறுப்புப் பின்னணியில் பச்சை இழைகள். செல்லின் கருவைச் சுற்றிக் கூடை முடைந்தமாதிரித் தொடங்கி ஓரம்வரை விரிந்துபோகும் இழைகள். அந்தப் படங்களைப் பார்த்த பிறகுதான் படல் என்ற சொல் எனக்கு வந்தது.

எதிர்ப்பொருளை உடம்பில் யார் செய்கிறார்கள் என்பதே 1940கள்வரை தீராத கேள்வி. அதற்கு உறுதியான விடை சொன்னவர் அஸ்ட்ரிட் ஃபக்ரேயஸ். சுவீடன்காரர், 1913இல் பிறந்தவர். 1948இல் வந்த அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடு, பிளாஸ்மா செல்கள் என்ற ஒருவகை வெள்ளணுக்களே எதிர்ப்பொருளைச் செய்கின்றன என்று முயல்களின் மண்ணீரல் திசுவை வைத்துக் காட்டியது. ஏழாண்டுகள் கழித்து அமெரிக்காவில் ஆல்பர்ட் கூன்ஸ், எலிசபெத் லெட்யூக், ஜீன் கொனலி ஆகிய மூவரும் ஒளிரும் சாயத்தைக் கொண்டு அதே செல்களுக்குள் எதிர்ப்பொருள் இருப்பதைக் கண்ணாலேயே பார்க்க வைத்தார்கள். அந்த மூவரில் இருவர் பெண்கள். பாடநூலில் கூன்ஸ் இருக்கிறார். ஒளிரும் எதிர்ப்பொருள் முறையை 1941இலிருந்து வளர்த்தவர் அவர்தான், அதில் தவறில்லை. மற்ற இருவரையும் தேடித்தான் எடுக்க வேண்டும்.

ஃபக்ரேயஸின் பிற்கால வேலைதான் எனக்கு இன்னும் சுவையாக இருந்தது. 1970களில் அவர் ஆக்டின் எதிர்ப்பொருள்களைப் பற்றி ஆராய்ந்தார். ஆக்டின், விமென்டினைப் போலவே செல்லுக்கு உருவம் கொடுக்கும் சட்டகப் புரதங்களில் ஒன்று. தசையில் நிறைய உண்டு. அந்த எதிர்ப்பொருள்கள் மனித இரத்தத்திலேயே கிடைத்தன. நாள்பட்ட கல்லீரல் அழற்சி கொண்ட சிலரின் உடல், தன் சொந்த ஆக்டினுக்கு எதிராகவே எதிர்ப்பொருள் செய்துகொள்கிறது. இது 1973இல் தெளிவாயிற்று. அவர்களின் இரத்தநீரை எடுத்து, வேறு செல்களின்மேல் விட்டால் ஆக்டின் இழைகள் ஒளிரும். நோயாளியின் துன்பம் ஆய்வாளருக்குக் கருவியாகியது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். தன்னுடலையே தாக்கும் இந்த வகை நோய்கள் பெண்களுக்கே அதிகம் வருகின்றன. லூபஸ் நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். தன் கல்லீரலையே தாக்கும் அழற்சியும் ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம். அப்படியென்றால் செல் உயிரியலின் முதல் தலைமுறைக் கருவிகளில் ஒரு பகுதி நோயுற்ற பெண்களின் கையிலிருந்து இழுத்த இரத்தம். ஜோன் ஸ்டைட்ஸ் என்ற அமெரிக்க அறிவியலாளர், தன் மாணவரோடு சேர்ந்து 1979இல் லூபஸ் நோயாளிகளின் இரத்தநீரைக் கொண்டே செல்லின் கருவுக்குள் இருக்கும் மிகச் சிறிய ஆர்என்ஏ-புரதத் துகள்களை இனம்கண்டார். அந்தத் துகள்களில் உள்ள புரதங்களுக்கு இன்றுவரை வழங்கும் இரண்டெழுத்துப் பெயர், 1960களில் இரத்தம் கொடுத்த ஒரு நோயாளிப் பெண்ணின் குடும்பப் பெயரில் முதல் இரண்டு எழுத்துகள். நன்றி சொல்லும் முறையா, அடையாளத்தைச் சுருக்கும் முறையா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். நம்மூர்க் கல்வெட்டுகளில் கொடை கொடுத்த பெண்ணை இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி என்று எழுதி, சில இடங்களில் அவள் பெயரையே விட்டுவிட்டிருப்பதைப் படித்துப் பழகிய கண்ணுக்கு இது புதிதாகத் தெரியவில்லை.

மேரி ஆஸ்பர்னுக்கு வருவோம். 1940இல் இங்கிலாந்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் கணிதமும் இயற்பியலும் படித்தார். அமெரிக்காவுக்குப் போய் உயிர் இயற்பியலுக்கு மாறி, 1967இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அதன்பின் ஹார்வர்டில் ஜேம்ஸ் வாட்சனின் ஆய்வகம். ஆம், டிஎன்ஏ வாட்சன்தான். அவர் எழுதிய ‘தி டபுள் ஹீலிக்ஸ்’ 1968இல் வெளிவந்தது. ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் எக்ஸ்ரே படத்தைப் பயன்படுத்திக்கொண்ட கதையைச் சொல்லிவிட்டு, அவருடைய உடையையும் உதட்டுச் சாயத்தையும் பற்றிக் கருத்துச் சொல்கிற புத்தகம். இறந்து பத்தாண்டாகிவிட்ட ஃபிராங்க்ளின் பதில் சொல்ல முடியாது. அந்தப் புத்தகம் சூடாக விற்றுக்கொண்டிருந்த காலத்தில் அதே ஆய்வகத்தில் ஓர் இளம்பெண் ஜெல் தட்டுகளில் புரதங்களை ஓடவிட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ஜெல் வேலை 1969இல் கிளவுஸ் வேபருடன் சேர்ந்து எழுதிய கட்டுரையாயிற்று. எஸ்டிஎஸ் என்ற சலவைப்பொருள் வகை வேதிப்பொருளில் புரதங்களை ஊறவைத்து, ஜெல்லுக்குள் மின்சாரத்தால் ஓடவிட்டால் சிறியவை வேகமாகவும் பெரியவை மெதுவாகவும் போகும். எவ்வளவு தூரம் போயிற்று என்பதிலிருந்து எடையைக் கணக்கிடலாம். முறை இவர்கள் கண்டதில்லை, வேறொரு குழு ஏற்கெனவே சொல்லியிருந்தது. ஆனால் அதை நம்பலாமா? இருவரும் எடை தெரிந்த 40 புரதங்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு, நம்பலாம் என்று நிறுவினார்கள். அலுப்பான வேலை. இன்னொருவர் சொன்ன வழியில் நாற்பது தடவை நடந்து பார்த்துப் பாதை சரிதான் என்று சொல்லும் வேலை. உயிர்வேதியியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளில் அது ஒன்றானது.

அந்தப் பாதை நேராக எதிர்ப்பொருளில் போய் முடிந்ததைக் கவனியுங்கள். ஆக்டின் எல்லா உயிரிலும் ஏறக்குறைய ஒரேமாதிரி இருப்பதால் விலங்கின் உடல் அதை அந்நியமாகக் கருதாது. ஊசி போட்டாலும் எதிர்ப்பொருள் சரியாக வராது. 1974இல் அமெரிக்காவின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் எலியாஸ் லாசரைட்ஸும் வேபரும், எலி செல்களிலிருந்து எடுத்த ஆக்டினை இந்த எஸ்டிஎஸ் ஜெல்லில் பிரித்து எடுத்து முயல்களுக்குச் செலுத்தினார்கள். எதிர்ப்பொருள் கிடைத்தது. தசையல்லாத சாதாரணச் செல்லுக்குள்ளும் ஆக்டின் நீளநீளக் கற்றைகளாக ஓடுவது படத்தில் தெரிந்தது. அதுவரை செல் என்றால் கூழ் நிறைந்த பை என்று கற்பனை செய்திருந்தவர்கள் பலருக்கு அந்தப் படம் அதிர்ச்சி. அந்தக் கட்டுரையில் ஆஸ்பர்ன் பெயர் இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் ஊசியில் ஏறியது அவரும் சேர்ந்து நடந்து பார்த்த பாதையில் வந்த புரதம்.

இதைச் சொல்வது யாரையும் குற்றம் சாட்ட இல்லை. அறிவியல் வரலாற்றில் கண்டுபிடித்தவர் ஒரு படியிலும் கருவி செய்தவர் அதற்குக் கீழ்ப்படியிலும் நிற்கிறார். கீழ்ப்படியில் எண்ணிப் பார்த்தால் பெண்கள் அதிகம். சாயம் கலந்தவர், செல் வளர்த்தவர், தட்டு தட்டாகப் படம் எடுத்து எண்ணியவர். கருவி நன்றாக வேலை செய்யச் செய்ய, செய்தவர் மறைந்துபோவார். நல்ல அரிவாள்மனையை யார் செய்தார் என்று நறுக்கும்போது எந்த வீட்டில் நினைக்கிறார்கள்?

1969இலிருந்து மூன்றாண்டு கேம்பிரிட்ஜ், பிறகு மூன்றாண்டு கோல்டு ஸ்பிரிங் ஹார்பர். 1975இல் ஆஸ்பர்ன் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்துக்குப் போனார். வேபர் அங்கே இயக்குநர். ஆஸ்பர்ன் அவர் துறையில் ஆய்வாளர். இருவரும் கணவன் மனைவி. இணையராக அறிவியல் செய்தவர்களின் வரலாற்றில் இந்த ஏற்பாடு எவ்வளவு பழையது என்பதை இந்தத் தொகுப்பின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் கட்டுரைகளை எடுத்துப் பார்த்தால் ஆஸ்பர்ன் பெயர் பல இடங்களில் முதலில் நிற்கிறது. செல்லின் நுண்குழல்கள் ஒரு மையத்திலிருந்து வெளிநோக்கி வளர்கின்றன என்று 1976இல் காட்டிய கட்டுரை: ஆஸ்பர்ன், வேபர். இழைப் புரதங்களைக் கொண்டு புற்றுக்கட்டியை வகைப்படுத்தலாம் என்று 1983இல் சொன்ன கட்டுரை: ஆஸ்பர்ன், வேபர். 1984இல் வி9 பிறந்த கட்டுரை: ஆஸ்பர்ன், டெபுஸ், வேபர்.

வி9 பிறந்த விதம் இது. பன்றியின் கண் வில்லையில் விமென்டின் நிறைய இருக்கும். அதைப் பிரித்தெடுத்து எலிக்கு ஊசி போட்டார்கள். எலியின் உடல் எதிர்ப்பொருள் செய்யத் தொடங்கியதும் அதன் மண்ணீரலிலிருந்து செல்களை எடுத்து, சாகாமல் பெருகும் புற்றுச் செல்லோடு இணைத்தார்கள். இந்த இணைப்பு வித்தையை 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் சொல்லியிருந்தார்கள். வி9 பிறந்த அதே 1984இல் அதற்காக நோபல் பரிசு வாங்கினார்கள். இணைந்த செல் ஒவ்வொன்றும் ஒரே வகை எதிர்ப்பொருளை மட்டும் முடிவில்லாமல் சுரக்கும். அவற்றில் ஒன்றின் பெயர்தான் வி9. ஓர் எழுத்து, ஓர் எண். ஊசி வாங்கிய எலிக்கு அதுவும் இல்லை. இந்த வேலைக்குப் பொதுவாகப் பெண் எலிகளைத்தான் எடுப்பார்கள். ஆண் எலிகளை ஒரே கூண்டில் போட்டால் கடித்துக்கொள்ளும், பெண் எலிகள் அனுசரித்துப் போகும் என்பது காரணம். ‘அனுசரித்து’ என்பது என் சொல்தான். நீக்கிவிடத் தோன்றவில்லை.

வி9இடம் ஒரு விசித்திரம் உண்டு. மனித விமென்டினைக் காணும், பன்றியுடையதைக் காணும். எலியின் விமென்டினைக் காணாது. யோசித்தால் காரணம் எளிது. அது பிறந்ததே எலியின் உடலில். எலி தன் சொந்தப் புரதத்தோடு ஒத்த பகுதியைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். பன்றியின் புரதம் எங்கே தன்னுடையதிலிருந்து வேறுபடுகிறதோ அங்கேதான் எதிர்ப்பொருள் செய்யும். இந்தக் குறையே பின்னால் பெரிய வசதியாயிற்று. மனிதப் புற்றுச் செல்லை எலிக்குள் வைத்து வளர்க்கும் ஆய்வுகளில், எது மனிதச் செல், எது எலிச் செல் என்று பிரித்துக் காட்ட வி9ஐப் பயன்படுத்துகிறார்கள். எலியின் திசு இருட்டாக இருக்கும், விருந்தாளிச் செல் மட்டும் ஒளிரும்.

இனி அந்த அக்கா கொண்டுவந்த பட்டியல். செல்லின் இடைநிலை இழைகள் என்று சொல்லப்படும் இந்தக் குடும்பத்தில் பல புரதங்கள் உண்டு. தோல், குடல் உட்பூச்சு போன்ற போர்வைத் திசுக்களில் கெராட்டின். தசையில் டெஸ்மின். மூளையின் தாங்கு செல்களில் ஒன்று, நரம்பு செல்லில் வேறொன்று. இணைப்புத் திசுவிலும் இரத்தநாளத்திலும் விமென்டின். ஒரு செல் புற்றாக மாறி, உருவம் சிதைந்து, உடம்பில் வேறெங்கோ போய்க் குடியேறிய பிறகும் இந்த இழையைப் பெரும்பாலும் கைவிடுவதில்லை. எனவே கட்டியின் செல்லைப் பார்த்து எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாதபோது இழையைக் கேட்கலாம். ஆஸ்பர்னும் வேபரும் 1983இல் சொன்னது இதைத்தான். குழந்தைகளுக்கு வரும் சில கட்டிகள் நுண்ணோக்கியில் ஒன்றுபோலவே இருக்கும்: சின்ன, வட்டமான, நீலச் செல்கள். ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து இன்னொன்றுக்கு உதவாது. டெஸ்மின் இருந்தால் தசையிலிருந்து வந்ததாக எடுத்துக்கொள்ள இடமுண்டு. அந்த ஒரு சொல்லில் ஒரு குழந்தையின் சிகிச்சை மாறும்.

பிறந்த வீட்டு அடையாளம் என்று இதைச் சொல்ல எனக்குக் கை துறுதுறுத்தது. எங்கே கட்டிக்கொடுத்தாலும் விடாத ஊர்ப்பேச்சு, குழம்பு கூட்டும் விதம். கவிதைக்கு நல்ல பொருள். ஆனால் பிறந்த இடத்தைக் கொண்டு ஒருவரை அடையாளம் காணும் வழக்கம் நம் நாட்டில் என்னென்ன செய்திருக்கிறது என்று தெரிந்தவள், அந்த உவமையை அவ்வளவு சுலபமாகக் கையில் எடுக்க மாட்டாள். விமென்டினும் அதற்கு ஒத்துழைப்பதில்லை. ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் 1975 முதல் உடற்கூறியல் துறையின் தலைவராக இருந்த எலிசபெத் ஹே, 1982இல் தன் சக ஆய்வாளருடன் சேர்ந்து ஒன்றைக் காட்டினார். அண்டை செல்களோடு இறுக ஒட்டி ஒழுங்காக உட்கார்ந்திருக்கும் போர்வைச் செல்லைக் கொலாஜன் ஜெல்லுக்குள் வைத்தால், அது தன் ஒழுங்கைக் கைவிட்டு, நீண்டு, தனியே நகரத் தொடங்குகிறது. அப்படி மாறும் செல்கள் விமென்டினை உண்டாக்கிக்கொள்வது பின்னர்த் தெரிந்தது. காயம் ஆறும்போதும் கரு வளரும்போதும் இந்த மாற்றம் நடக்கிறது. புற்று பரவும்போதும் நடப்பதாகக் கருதுகிறார்கள். ஆகவே விமென்டின் பாசிட்டிவ் என்றால் பிறந்த இடம் இது என்றும் ஆகலாம், புறப்பட்டுவிட்டது என்றும் ஆகலாம். அதனால்தான் அதை ஒருபோதும் தனியாகப் படிப்பதில்லை, பட்டியலாகத்தான் படிக்கிறார்கள்.

வயதாக ஆக வி9இன் மதிப்பும் மாறியது. ஏராளமான கட்டிகளில் விமென்டின் இருப்பது தெரிந்ததும், வகை பிரிக்க அது போதாது என்றார்கள். பிறகு அதற்கு வேறு வேலை கிடைத்தது. திசுத்துண்டு ஃபார்மலினில் கெட்டுப்போகாமல் பதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க விமென்டின் சாயம் உதவுகிறது. எல்லா இடத்திலும் இருக்கும் என்பதால், அது தெரியவில்லை என்றால் திசுவில் கோளாறு. மற்றவர்களின் சாட்சியை நம்பலாமா என்று சரிபார்க்கும் சாட்சி. 1969இல் ஆஸ்பர்ன் நாற்பது புரதங்களோடு செய்த வேலையும் ஏறக்குறைய இதுவே.

1990களில் ஆஸ்பர்ன் இன்னொரு பொருளை எண்ணத் தொடங்கினார்: பெண் அறிவியலாளர்களை. 1994இல் ‘சயின்ஸ்’ இதழில் ஐரோப்பாவில் பெண் அறிவியலாளர்களின் நிலை பற்றி எழுதினார். எண்ணுவதில் முதல் சிக்கல், பல நாடுகளில் எண்களே இல்லை. எத்தனை பெண்கள் படிக்கிறார்கள், எத்தனை பேர் பேராசிரியர் ஆகிறார்கள் என்று தனியாகக் கணக்கெடுக்காதவரை, பெண்கள் குறைவு என்பது வெறும் புலம்பலாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

இந்த இடத்தில் சுவீடனின் கோத்தன்பர்க்கிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். கிறிஸ்டின் வென்னெரோஸ், அக்னெஸ் வோல்ட். இருவரும் மருத்துவ ஆய்வாளர்கள். 1995இல் சுவீடன் மருத்துவ ஆய்வு மன்றத்தின் முதுமுனைவர் உதவித்தொகைக்கு 114 பேர் விண்ணப்பித்தார்கள், அவர்களில் 52 பேர் பெண்கள். 20 பேருக்குக் கிடைத்தது. பெண்கள் 4 பேர். யாருக்கு எத்தனை மதிப்பெண் போட்டீர்கள் என்று இருவரும் கேட்டார்கள். இரகசியம் என்றது மன்றம். நீதிமன்றம் வரை போய், சுவீடனின் தகவல் அறியும் சட்டத்தின்படி தாள்களை வாங்கினார்கள். ஒவ்வொருவரின் வெளியீடுகளையும் எண்ணி, மதிப்பெண்ணோடு ஒப்பிட்டார்கள். ஆணுக்குக் கிடைத்த அதே தகுதி மதிப்பெண்ணைப் பெற ஒரு பெண் இரண்டரை மடங்கு வேலை செய்திருக்க வேண்டும் என்று 1997இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். எத்தனையோ பேர் எத்தனையோ காலமாகச் சொன்னதுதான். அதுவரை அதற்கு ஆதாரம் கேட்டவர்களின் மேசையில் இப்போது தாள் இருந்தது.

அடுத்து ஐரோப்பிய ஆணையம் ஒரு குழு அமைத்தது; தலைவர் மேரி ஆஸ்பர்ன். பெண்களும் அறிவியலும் பற்றிய அந்த அறிக்கை 2000இல் வந்தது. மாணவர்களில் ஏறக்குறையப் பாதி பெண்களாக இருக்கும் நாடுகளிலும், பேராசிரியர் நிலைக்குப் போகப் போகப் பெண்கள் உதிர்ந்துபோவதை நாடு நாடாக அது எண்ணிக் காட்டியது. நியமனம் எப்படி நடக்கிறது, பரிசுக்குழுவில் யார் உட்காருகிறார்கள், நிதிக்கான மதிப்பீட்டை யார் செய்கிறார்கள் என்று கேட்டது. 2002இல் ஆஸ்பர்னுக்கு அறிவியல் பெண்களுக்கான லோரேயால்-யுனெஸ்கோ விருது கிடைத்தது. ஓர் அழகுசாதன நிறுவனத்தின் பெயரோடு அந்த விருது வருவதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. அது வேறு கட்டுரைக்கு.

விமென்டினைப் பற்றி ஒரு செய்தி மிச்சம் இருக்கிறது. இத்தனை செல்களில் இத்தனை அடர்த்தியாக இருக்கும் புரதம் இல்லாமல் போனால் என்ன ஆகும்? 1994இல் பாரிஸில் எம்மா கொலூச்சி-கியோனும் அவர் குழுவினரும் விமென்டின் மரபணுவை நீக்கிய எலிகளை உருவாக்கினார்கள். பெரிய கேடு வரும் என்று எதிர்பார்த்தார்கள். எலிகள் பிறந்தன, வளர்ந்தன, குட்டி போட்டன. வெளிப்பார்வைக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அப்படியானால் இந்தப் புரதம் எதற்கு என்ற கேள்வி எழுந்தது. சிலர் தேவையே இல்லை என்றுகூட நினைத்தார்கள். கூண்டுக்குள் வேளாவேளைக்குத் தீனியும் தண்ணீரும் பெற்று, அடி படாமல் இருந்த எலிகளைப் பார்த்து எடுத்த முடிவு அது. ஆஸ்பர்னின் அறிக்கை வந்த அதே 2000இல் பியாட்டே எக்கெஸ் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் அந்த எலிகளின் தோலில் காயம் உண்டாக்கிப் பார்த்தார்கள். விமென்டின் உள்ள எலியின் காயம் மூடிக்கொண்டு வந்தது. இல்லாத எலியின் காயத்தில், இழுத்து மூட வர வேண்டிய செல்கள் வந்துசேரத் தாமதமாயின.